ஆர்சி கார்ப் பந்தயத்துக்கான லிப்போ பேட்டரி: தேர்வும் பராமரிப்பும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்மோட்டாரில் ஓடும் ஆர்சி கார்களை, அதாவது ரேடியோ அலையால் தொலைவிலிருந்து இயக்கும் சிறிய கார்களை, பந்தயத்தில் ஓட்டத் தொடங்குகிறவர்கள் அதிகம் தடுமாறுவது லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி விஷயத்தில்தான். கடையில் கண்ணில் படுவது ஒட்டுத்தாளில் அச்சிட்ட பெரிய எண்கள் மட்டுமே. ஆனால் ஒரு பேட்டரி வேகமாக ஓடுமா, ஓர் ஆண்டுக்கு மேல் உழைக்குமா, பாதுகாப்பாக இருக்குமா என்பதைத் தீர்மானிப்பவை அந்த ஒட்டுத்தாளில் இருப்பதில்லை. பெரும்பாலோர் ஓட்டுவது அசல் காரில் பத்தில் ஒரு பங்கான 1/10 அளவுக் கார் என்பதால், இந்தப் பதில்கள் அந்த வகையையும் அதற்குரிய இரண்டு செல் பேட்டரியையும் மையமாக வைத்து எழுதப்பட்டுள்ளன.

லிப்போ பேட்டரியில் நான் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய எண்கள் எவை?

ஒரு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுமையாக சார்ஜ் ஆனால் 4.20 வோல்ட், பயன்படுத்தாமல் வைத்திருக்கும்போது 3.80 முதல் 3.85 வோல்ட் வரை. எந்த நிலையிலும் தொடக் கூடாத அடிமட்டம் 3.0 வோல்ட். இரண்டு செல்கள் தொடராக இணைந்த 2எஸ் பேட்டரிக்கு இவை அப்படியே இரட்டிப்பாகி 7.4, 8.40, 7.6 முதல் 7.7, 6.0 என்று வரும். இந்த நான்கு எண்களும் நினைவில் இருந்தால், கீழே வரும் பதில்களில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

எந்தக் காருக்கு எத்தனை செல்?

1/12 அளவுப் பந்தயக் கார்களுக்கு ஒரு செல், 1/10 அளவு பக்கி (கரடுமுரடான தடத்துக்கானது) மற்றும் டூரிங் (சமதளத் தடத்துக்கானது) கார்களுக்கு இரண்டு செல், 1/8 அளவு மின் பக்கிகளுக்கு நான்கு செல் என்பதே பரவலான வழக்கம். இதை உங்கள் விருப்பப்படி மாற்ற முடியாது. நீங்கள் ஓட்டும் போட்டி வகுப்பின் விதி சொல்வதே முடிவு. உலக அளவில் இஃப்மார் அமைப்பும், அதன் கீழ் ஐரோப்பாவுக்கு எஃப்ரா, வட அமெரிக்காவுக்கு ரோர், தூரக் கிழக்குக்கு ஃபெம்கா, தென் அமெரிக்காவுக்கு ஃபமார் ஆகியவையும் விதிகளை வகுக்கின்றன. உள்ளூர்ப் போட்டிகள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத் தழுவியே நடப்பதால், பேட்டரி வாங்கும் முன் உங்கள் போட்டி எந்த விதியைப் பின்பற்றுகிறது என்றும், அனுமதிக்கப்பட்ட பேட்டரிகளின் பட்டியல் ஏதேனும் வைத்திருக்கிறார்களா என்றும் அமைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். உறுதியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்த ஹார்ட் கேஸ் பேட்டரியைத்தான் பெரும்பாலான பந்தயங்களில் ஏற்பார்கள்; பறக்கும் மாதிரிகளுக்கான மென்மையான உறை கொண்ட பேட்டரி, விலை குறைவு என்றாலும், மோதல் சகஜமான கார்ப் பந்தயத்துக்கு ஏற்றதன்று.

எத்தனை எம்ஏஎச் வாங்க வேண்டும்? அதிகமாக இருந்தால் நல்லதுதானே?

எம்ஏஎச் (மில்லியாம்பியர்-மணி) என்பது பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு. உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதை உங்கள் சார்ஜரே சொல்லிவிடும். முழுதாக சார்ஜ் செய்த பேட்டரியுடன் ஒரு பந்தய நேரம் ஓட்டுங்கள். 1/10 வகுப்புகளில் அது பொதுவாக 5 நிமிடம். பிறகு பேட்டரி ஆறியதும் மறுபடியும் சார்ஜ் செய்து, எத்தனை எம்ஏஎச் உள்ளே போயிற்று என்று திரையில் பாருங்கள். அதுதான் நீங்கள் செலவழித்த அளவு. 2400 எம்ஏஎச் போயிருந்தால், 5 நிமிடம் ஒரு மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பதால், சராசரியாக 28.8 ஆம்பியர் மின்னோட்டத்தை மோட்டார் இழுத்திருக்கிறது என்றும் தெரிந்துகொள்ளலாம்.

செலவழிக்கும் அளவு பேட்டரியின் மொத்தக் கொள்ளளவில் முக்கால் பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். மேலே சொன்ன ஓட்டுநருக்கு 4000 எம்ஏஎச் பேட்டரியே தாராளம். அப்படியானால் பலரும் ஏன் 6000, 7000 என்று வாங்குகிறார்கள்? கொள்ளளவு கூடினால் அதே மின்னோட்டத்துக்கு மின்னழுத்தம் குறைவாகவே இறங்கும் என்பது ஒரு காரணம், அது உண்மைதான். ஆனால் எடையும் கூடும். ஷார்ட்டி எனப்படும் நீளம் குறைந்த வகையில், உயரமும் குறைந்த 4000 எம்ஏஎச் பேட்டரிக்கும் முழு நீள 6000 எம்ஏஎச் பேட்டரிக்கும் இடையே சுமார் 100 கிராம் வேறுபாடு இருக்கும். திருப்பங்கள் நிறைந்த சிறிய தடத்தில் அந்த 100 கிராமை ஒவ்வொரு வளைவிலும் உணரலாம். நீண்ட நேர்பாதை கொண்ட பெரிய தடத்துக்கும் அதிவேக மோட்டார் வகுப்புக்கும் பெரிய கொள்ளளவு, சிறிய தடத்துக்கும் வழுக்கும் தரைக்கும் இலேசான பேட்டரி என்பதே என் தேர்வு.

ஒட்டுத்தாளில் 120சி, 140சி என்று இருக்கிறதே, அதை நம்பலாமா?

சி எண்ணை ஆம்பியர்-மணியில் சொன்ன கொள்ளளவோடு பெருக்கினால், அந்த பேட்டரி தாங்குவதாகத் தயாரிப்பாளர் சொல்லும் மின்னோட்டம் கிடைக்கும். 6000 எம்ஏஎச் பேட்டரிக்கு 120சி என்றால் 720 ஆம்பியர். உங்கள் காரில் உள்ள 12 கேஜ் கம்பியும் துளைக்குள் செருகும் 5 மில்லிமீட்டர் உருளை வடிவ புல்லட் பிளக்கும் அத்தனை மின்னோட்டத்தைத் தொடர்ந்து கடத்தினால் பற்றவைத்த ஈயம் உருகி ஓடிவிடும். மேலே கணக்கிட்ட சராசரி 28.8 ஆம்பியர் என்பது 6000 எம்ஏஎச் பேட்டரிக்கு 5சி கூட இல்லை. வேகமெடுக்கும் கணங்களில் 100 ஆம்பியரைத் தாண்டினாலும் அது 20சி-யை ஒட்டித்தான் நிற்கும். சி எண்ணை அளப்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் இல்லாததால், அது விற்பனைக்கான எண்ணாகவே ஆகிவிட்டது. ஒரே தயாரிப்பாளரின் இரண்டு வகைகளை ஒப்பிட அது ஓரளவு உதவலாம். இரண்டு தயாரிப்பாளர்களை ஒப்பிட உதவாது.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

அகமின்தடையைப் பாருங்கள். பள்ளி இயற்பியலில் படித்த அதே அகமின்தடைதான்: மின்கலம் தன் உள்ளேயே மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு. இன்றைய நடுத்தர விலை சார்ஜர்கள்கூட ஒவ்வொரு செல்லுக்கும் இதை மில்லியோமில் அளந்து காட்டுகின்றன. நல்ல பந்தய பேட்டரி புதிதாக இருக்கும்போது செல்லுக்கு ஏறக்குறைய 1 முதல் 3 மில்லியோம் வரை காட்டும்.

இது தடத்தில் என்ன செய்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரு பேட்டரியில் செல்லுக்கு 2 மில்லியோம், மொத்தம் 4. இன்னொன்றில் செல்லுக்கு 6, மொத்தம் 12. வளைவிலிருந்து வெளியே வந்து விசையை முழுதாக அழுத்துகிறீர்கள், மோட்டார் 60 ஆம்பியர் இழுக்கிறது. முதல் பேட்டரியில் 0.24 வோல்ட் இறங்கும், இரண்டாவதில் 0.72 வோல்ட் இறங்கும். இரண்டுமே 8.0 வோல்ட்டில் இருந்தன என்றால், மோட்டாருக்குக் கிடைப்பது ஒன்றில் 7.76, மற்றதில் 7.28. மோட்டாரின் சுழற்சி மின்னழுத்தத்தைப் பின்தொடர்வதால், இரண்டாவது காருக்கு நேர்பாதையில் ஏறக்குறைய 6 விழுக்காடு வேகம் குறைகிறது. 17.5 சுற்றுக் கம்பிச்சுருள் கொண்ட மோட்டாரை, ஈஎஸ்சி என்னும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் டைமிங்கை (மோட்டாரின் வேகத்தைக் கூட்டும் அமைப்பை) பூஜ்யமாக வைத்து ஓட்டும் ஸ்டாக் வகுப்பில், அந்தக் கருவியால் இந்த இழப்பை ஈடுகட்டவே முடியாது. இழந்த மின்னழுத்தம் எங்கே போகிறது? வெப்பமாகிறது: முதல் பேட்டரிக்குள் சுமார் 14 வாட், இரண்டாவதில் 43 வாட். ஓட்டம் முடிந்ததும் இரண்டையும் உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

அளக்கும்போது ஒரு கவனம் வேண்டும். குளிர்ந்த பேட்டரி அகமின்தடையைக் கூடுதலாகக் காட்டும், சூடான பேட்டரி குறைவாகக் காட்டும். சார்ஜருக்குச் சார்ஜரும் எண் மாறும். ஆகவே ஒரே சார்ஜரில், ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில், ஒரே அளவு சார்ஜில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். நான் ஒவ்வொரு பேட்டரியின் அடிப்பக்கத்திலும் வெள்ளை நாடா ஒட்டி, வாங்கிய மாதம், முதல் நாள் அளவு, பிறகு ஏறத்தாழ இருபது ஓட்டத்துக்கு ஒருமுறை எடுத்த அளவு ஆகியவற்றைப் பேனாவால் எழுதிவைக்கிறேன். என் பழைய ஷார்ட்டி ஒன்றின் நாடாவில் 1.8, 1.9 என்று தொடங்கிய வரிசை 4.1, 5.6 என்று முடிகிறது. இரண்டு செல்களும் ஒன்றாகக் கிழடு தட்டவில்லை என்பதையும், இரண்டாவது செல்தான் முதலில் தளர்ந்தது என்பதையும் அந்தச் சிறிய நாடா எனக்குச் சொன்னது. ஒட்டுத்தாள் இன்னும் அதே 100சி-யைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஷார்ட்டி, ஸ்டிக், சேடில்: எது எனக்குப் பொருந்தும்?

காரின் பேட்டரித் தட்டுதான் முதலில் பதில் சொல்ல வேண்டும். முழு நீள ஸ்டிக் சுமார் 139 மில்லிமீட்டர் நீளமும் 47 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. ஷார்ட்டி அதே அகலத்தில் சுமார் 96 மில்லிமீட்டர் நீளம். சேடில் என்பது இரண்டு தனித்தனிக் கட்டிகளாகப் பிரிந்து, இடையே ஒரு கம்பியால் இணைவது. பழைய நான்கு சக்கர இயக்கக் கார்களுக்கு உரியது. ஷார்ட்டியின் உண்மையான பயன் அதை முன்னும் பின்னும் நகர்த்த முடிவதுதான். இரு சக்கர இயக்க பக்கியில் பேட்டரியைச் சற்றுப் பின்னால் வைத்தால் பின்சக்கரப் பிடிப்பு கூடும், முன்னால் நகர்த்தினால் திருப்பம் கூர்மையாகும். உயரம் குறைந்த வகைகள் காரின் ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்துவதால், பிடிப்பு மிகுந்த கார்ப்பெட் தடங்களில் கார் கவிழ்வதைக் குறைக்கும்.

எச்வி என்று போட்ட 7.6 வோல்ட் பேட்டரிகளை வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் காரணம் தெரிந்து வாங்குங்கள். எச்வி என்றால் உயர் மின்னழுத்தம்; இந்த வகைச் செல்களை 4.35 வோல்ட் வரை சார்ஜ் செய்யலாம் என்று தயாரிப்பாளர் அனுமதிக்கிறார். பந்தய விதிகளோ பொதுவாக 2எஸ் பேட்டரிக்கு 8.40 வோல்ட்டுக்கு மேல் விடுவதில்லை. தொடக்கக் கோட்டுக்குப் போகும் முன் அளந்து பார்ப்பார்கள். 8.40-க்கு மட்டும் சார்ஜ் செய்யும்போது ஒட்டுத்தாளில் உள்ள முழுக் கொள்ளளவும் கிடைக்காது, ஏனெனில் அந்த எண் 8.70 வரை சார்ஜ் செய்து கணக்கிட்டது. இதில் பெரிய அபாயம் வேறு இடத்தில் இருக்கிறது: சார்ஜரில் எச்வி முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மறதியாகச் சாதாரண லிப்போவை மாட்டினால் செல் 4.35 வரை ஏற்றப்படும். அது மிகைச் சார்ஜ். இரண்டு வகையும் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் 4.20-க்கே சார்ஜ் செய்வது என்று முடிவெடுத்து, எச்வி முறையைத் தொடாமலே இருப்பது நல்லது.

எத்தனை ஆம்பியரில் சார்ஜ் செய்வது?

1சி, அதாவது 6000 எம்ஏஎச் பேட்டரிக்கு 6 ஆம்பியர், எப்போதும் பாதுகாப்பானது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பந்தய நாளில் இரண்டு சுற்றுக்கு இடையே அவ்வளவு நேரம் கிடைக்காதபோது, தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் 2சி வரை போகலாம். அதற்கு ஏறக்குறைய 100 வாட் தரக்கூடிய சார்ஜரும் அதற்கு ஈடுகொடுக்கும் மின்வழங்கியும் வேண்டும். வீட்டில் நேரம் இருக்கும்போது 1சி-க்கு மேல் போக எந்தக் காரணமும் இல்லை.

சார்ஜர் முதலில் மாறாத மின்னோட்டத்தில் ஏற்றி, 4.20 வோல்ட்டைத் தொட்டதும் மின்னழுத்தத்தை அங்கேயே நிறுத்தி மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கும். கடைசி நேரத்தில் எண் மெதுவாக நகர்வது கோளாறன்று. செல்களைச் சமன்படுத்தும் வேலையும் அப்போதுதான் நடக்கிறது. எப்போதும் இப்படிச் சமன்படுத்தும் பேலன்ஸ் முறையிலேயே சார்ஜ் செய்யுங்கள். நிக்கல் பேட்டரிக்கான முறையில் ஒருபோதும் செய்யாதீர்கள். அந்த முறைக்கு 4.20 என்ற எல்லையே தெரியாது.

புல்லட் பிளக்குகளை மாட்டும்போது தீப்பொறி வந்தது. என்ன தவறு செய்தேன்?

வரிசைதான் தவறு. ஹார்ட் கேஸ் பேட்டரியில் நேர்முனையும் எதிர்முனையும் ஒரே மாதிரியான இரண்டு துளைகள். சார்ஜ் கம்பியின் ஒரு முனையில் இரண்டு புல்லட்கள், மறுமுனையில் சார்ஜருக்கான இரண்டு பிளக்குகள். பேட்டரிப் பக்கத்தை முதலில் மாட்டிவிட்டால், மறுமுனையில் திறந்து கிடக்கும் இரண்டு உலோகங்களும் மின்னேற்றத்துடன் இருக்கும். மேசையில் உரசினாலே போதும், குறுக்குச்சுற்று ஏற்பட்டு நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஆகவே மாட்டும்போது சார்ஜர் பக்கம் முதலில், பேட்டரி கடைசியில். கழற்றும்போது பேட்டரி முதலில், சார்ஜர் கடைசியில். காரிலும் இதே ஒழுங்குதான்: ஈஎஸ்சி கம்பியை மாட்டும் முன் கூட்டின் மீது அச்சாகியுள்ள கூட்டல், கழித்தல் குறிகளை விரலால் தொட்டுச் சரிபாருங்கள். முனை மாற்றி மாட்டினால் ஈஎஸ்சி அந்தக் கணமே எரியும்.

புல்லட்டுக்கு ஈயம் பற்றவைக்கும்போது அது பேட்டரியில் செருகியிருக்கக் கூடாது. அந்த வெப்பம் நேராகச் செல்லின் தகட்டுக்குப் போகும்.

காரில் குறைமின்னழுத்தத் தடுப்பு இருக்கும்போது பேட்டரி அதிகமாகக் காலியாகும் என்று ஏன் பயப்பட வேண்டும்?

ஈஎஸ்சி பார்ப்பது மொத்தத்தை மட்டும்தான். தடுப்பை செல்லுக்கு 3.2 என்று வைத்தால், 2எஸ் பேட்டரி மொத்தம் 6.4 வோல்ட்டைத் தொட்டதும் அது மோட்டாரை நிறுத்தும். இரண்டு செல்களும் சமமாக இருந்தால் 3.2, 3.2. ஒரு செல் தளர்ந்திருந்தால் 3.6, 2.8 என்றும் அது 6.4 ஆகலாம், ஈஎஸ்சிக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் இரண்டாவது செல் ஏற்கெனவே அடிமட்டத்துக்குக் கீழே போய்விட்டது. அதனால்தான் ஓட்டம் முடிந்ததும் பேலன்ஸ் துளையில் சிறிய வோல்ட் மானியைச் செருகிச் செல்களைத் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறேன். முழுச் சார்ஜில் இரண்டும் 4.20 என்று ஒத்துப்போவது எதையும் நிரூபிப்பதில்லை, ஏனெனில் அது சார்ஜர் சமன்படுத்திக் கொடுத்தது. ஓட்டத்தின் முடிவில் 3.71, 3.58 என்று பிரிந்து நின்றால், அந்த இடைவெளிதான் செல்லின் உண்மையான நிலை. பந்தயம் முடிந்து சில நிமிடம் ஆறிய பிறகு செல்லுக்கு 3.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்குமாறு ஓட்டுவதே என் அளவுகோல்.

தடுப்பும் காக்காத ஓர் இடம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் முடிந்து களைத்து வந்து, காரை அப்படியே பைக்குள் வைத்து உறங்கிவிட்டேன். விசை நிறுத்தப்பட்டிருக்கவில்லை; கட்டளையை வாங்கும் ரிசீவரும் சக்கரத்தைத் திருப்பும் சர்வோவும் சிறிது சிறிதாக இரவு முழுவதும் குடித்திருக்கின்றன. காலையில் அளந்தபோது செல்லுக்கு 1.7 வோல்ட். வாங்கி நான்கு மாதம்கூட ஆகாத பேட்டரி. சார்ஜர் ஏற்க மறுத்தது. நிக்கல் முறையில் கொஞ்சம் ஏற்றி 3 வோல்ட்டுக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு லிப்போ முறைக்கு மாற்றலாம் என்று நண்பர்கள் சிலர் அன்போடு சொன்னார்கள். நான் செய்யவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். மின்னழுத்தம் அவ்வளவு தாழும்போது எதிர்முனையின் தாமிரத் தகடு மின்பகுளியில் கரையத் தொடங்குகிறது. மறுபடி சார்ஜ் செய்யும்போது அந்தத் தாமிரம் கண்ட இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே குறுக்குச்சுற்றை உண்டாக்கக்கூடும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும் அந்த பேட்டரி, பிறகொரு நாள் சார்ஜில் இருக்கும்போது தீப்பிடிக்கலாம். அன்றிலிருந்து, கார் தடத்தை விட்டு வந்ததும் பேட்டரியைக் கழற்றி வெளியே எடுத்த பிறகுதான் வேறெதையும் தொடுகிறேன்.

அடுத்த பந்தயம் இரண்டு வாரம் கழித்து. அதுவரை எப்படி வைத்திருப்பது?

செல்லுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட் வரை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். பேட்டரிகள் பெரும்பாலும் ஓடும் நாள்களில் கெடுவதில்லை, சும்மா கிடக்கும் நாள்களில்தான் கெடுகின்றன. முழுச் சார்ஜில் கிடக்கும்போது நேர்முனைப் பொருள் மின்பகுளியோடு வினைபுரிந்து அதைச் சிதைத்துக்கொண்டே இருக்கிறது. வாயு உண்டாகிறது, அகமின்தடை ஏறுகிறது. வெப்பம் கூடினால் இந்த வினை இன்னும் விரைவாகும். முழுக் காலியாக வைத்தாலோ, தானாகக் குறையும் சிறு அளவே செல்லை 3.0-க்குக் கீழே தள்ளிவிடும்.

எல்லா நல்ல சார்ஜரிலும் ஸ்டோரேஜ் என்ற முறை உண்டு. குறைவாக இருந்தால் ஏற்றும், கூடுதலாக இருந்தால் இறக்கும். ஏற்றுவது விரைவு, இறக்குவது மிக மெதுவு; 6000 எம்ஏஎச் பேட்டரியின் பாதியை 2.5 ஆம்பியரில் இறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சிறிய சார்ஜர்களில் அதைவிடப் பல மடங்கு. அதனால் பந்தயத்துக்கு முந்தைய இரவே எல்லா பேட்டரிகளையும் நிரப்பிவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மழை வந்து போட்டி ரத்தானால் நான்கு நிறைந்த பேட்டரிகளோடு வீடு திரும்ப வேண்டியிருக்கும். தடத்துக்குப் போய், முதல் சுற்று உறுதியான பிறகு சார்ஜைத் தொடங்கினால் போதும். நிறைந்த பேட்டரி மிஞ்சிவிட்டால், மாலையில் தடம் திறந்திருக்கும்போதே சில நிமிடம் நிதானமாக ஓட்டிப் பாதியாக்கிவிடுங்கள், கையும் பழகும்.

நம் ஊர் வெயிலில் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு. ஓட்டம் முடிந்ததும் பேட்டரி 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தால் அது தேய்மானத்தின் அடையாளம், அல்லது கியர் விகிதம் மோட்டாரை மிகையாக இழுக்கவைக்கிறது என்பதன் அடையாளம். கத்திரி வெயிலில் நிறுத்திய காரின் உட்புறமோ, எதையும் ஓட்டாமலே அந்த வெப்பத்தை எட்டிவிடும். பேட்டரிப் பெட்டியை வாகனத்துக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். நிழலில், கூடாரத்தின் அடியில், தரைக்குச் சற்று மேலே வையுங்கள். ஓடிவந்த சூட்டோடு சார்ஜில் போடாமல், தொட்டால் சூடே தெரியாத நிலைக்கு ஆறவிடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஆற்ற வேண்டாம். வெளியே எடுக்கும்போது நீர் பூக்கும், பிளக் துளைக்குள்ளும் இறங்கும்.

ஹார்ட் கேஸுக்குள் பேட்டரி உப்பியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நேரான உலோக அளவுகோலைக் கூட்டின் அகலப் பக்கத்தின் மீது குத்தாக வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் தொட்டு ஓரங்களில் வெளிச்சம் கசிந்தால் உப்பல் தொடங்கிவிட்டது. கூட்டின் இரு பாதிகளும் சேரும் விளிம்பில் நகக்கண் நுழையும் அளவு பிளவு தெரிந்தாலும், முன்பு எளிதாக உட்கார்ந்த தட்டில் இப்போது அழுத்த வேண்டியிருந்தாலும் அப்படித்தான். உப்பிய பேட்டரியை ஓட்டவோ சார்ஜ் செய்யவோ கூடாது. உள்ளே இருப்பது எளிதில் தீப்பற்றும் ஆவி. ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

பலமான மோதலுக்குப் பிறகு உடனே ஓட்டலாமா?

பேட்டரியை வெளியே எடுத்து, மூலைகளில் நசுங்கல், விரிசல், இனிப்புக் கலந்த கரைப்பான் போன்ற வாசனை ஆகியவை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சிமெண்டுத் தரையில், எரியக்கூடிய பொருள் எதுவும் அருகில் இல்லாமல் அரை மணி நேரமாவது தனியாக வைத்துக் கவனியுங்கள். அந்த பேட்டரி இனி பந்தயத்துக்கு இல்லை. எதுவும் இல்லாவிட்டாலும் செல்களின் மின்னழுத்தத்தை அளந்துவிட்டே மறுபடி மாட்டுங்கள்.

தீப்பிடித்தால் என்ன செய்வது?

முதலில் மனிதர்கள் விலகட்டும். புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருப்பதால், மூடிய அறையில் நின்று அணைக்க முயலக் கூடாது. ஆபத்தின்றி முடியுமானால் சார்ஜரின் மின் இணைப்பைத் துண்டியுங்கள். உலர்ந்த மணலைக் கொட்டினால் சுவாலை பரவாது. நிறையத் தண்ணீர் ஊற்றினால் செல் குளிர்ந்து, பக்கத்துச் செல்லுக்குத் தீ தாவுவது தடுக்கப்படும். லிப்போவின் மீது தண்ணீரே படக் கூடாது என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. இதில் தனி லித்தியம் உலோகம் மிகக் குறைவு என்பதால், குளிரவைக்கத் தண்ணீர் பயன்படும். அணைந்த பிறகும் மீண்டும் பற்றக்கூடும், திறந்த வெளியில் வைத்துக் காத்திருங்கள்.

லிப்போ பை, அதாவது தீயைத் தாங்கும் துணியாலான சார்ஜ் பை, தீயை அணைக்காது; சுவாலையைச் சிறிது நேரம் அடக்கி உங்களுக்கு அவகாசம் தரும், அவ்வளவே. ஆனாலும் ஒவ்வொரு சார்ஜின்போதும் அதைப் பயன்படுத்துங்கள். பல போட்டிகளில் அது கட்டாயமும்கூட. படுக்கை அறையில், மர மேசையில், எல்லோரும் உறங்கும் நேரத்தில் சார்ஜ் செய்யாதீர்கள். நீங்கள் அருகில் விழித்திருப்பதை விடச் சிறந்த பாதுகாப்புக் கருவி எதுவும் விற்பனையில் இல்லை.

இரண்டு பேட்டரிகளை ஒரே சார்ஜரில் பக்க இணைப்பாக சார்ஜ் செய்யலாமா?

தொடக்கநிலையில் வேண்டாம். நிறைந்த ஒன்றையும் காலியான ஒன்றையும் இணைத்த நொடியில், சார்ஜரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே ஒன்றிலிருந்து மற்றதற்கு மின்னோட்டம் பாயும். இரண்டு வாயில்கள் கொண்ட சார்ஜர் வாங்குவது இதைவிட நல்ல வழி.

ஒரு பேட்டரி எத்தனை நாள் உழைக்கும்?

பந்தயத்துக்கான கூர்மை முதலில் போகும், கொள்ளளவு பிறகுதான் குறையும். அகமின்தடை புதிதில் இருந்ததைப்போல இரு மடங்கானதும் அதை இறுதிச் சுற்றுக்குப் பயன்படுத்துவதை நிறுத்திப் பயிற்சிக்கு மாற்றுகிறேன். செல்களுக்கு இடையே வேறுபாடு பெருகினாலோ உப்பினாலோ முற்றிலும் விலக்கிவிடுகிறேன். பழைய பேட்டரி விலைக்கு வந்தால், விற்பவர் முன்னிலையிலேயே அகமின்தடையை அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

வெளியூர்ப் போட்டிக்கு விமானத்தில் எடுத்துச் செல்லலாமா?

கைப்பையில் மட்டும், சரக்குப் பெட்டியில் போடும் பையில் தனி லித்தியம் பேட்டரி வைக்கக் கூடாது. 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். மின்னழுத்தத்தையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் அந்த எண் வரும்: 7.4 வோல்ட், 6000 எம்ஏஎச் என்றால் 44.4, 14.8 வோல்ட், 6500 எம்ஏஎச் என்றால் 96.2, அதே 4எஸ் 7000 எம்ஏஎச் ஆனால் 103.6 ஆகி எல்லையைத் தாண்டிவிடும். எத்தனை பேட்டரி என்ற வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் முன்கூட்டியே கேளுங்கள். ஸ்டோரேஜ் நிலையில், முனைகளை நாடாவால் மூடி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் வையுங்கள்.

கெட்டுப்போன பேட்டரியை எங்கே போடுவது?

வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கும்போதுதான் இவை பெரும்பாலும் பற்றிக்கொள்கின்றன. அதைக் கையாளும் தூய்மைப் பணியாளருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வழியில்லை. நசுங்காத, உப்பாத பேட்டரியாக இருந்தால், வாகனங்களில் பயன்படும் 12 வோல்ட் பல்பு ஒன்றைக் கம்பியால் இணைத்து, வெட்டவெளியில் சிமெண்டுத் தரை மீது வைத்துவிடுங்கள். பல்பு மங்கி அணைந்த பிறகும் ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். உப்புத் தண்ணீரில் போடும் பழைய முறையை நான் பரிந்துரைப்பதில்லை. முனைகள் அரித்துத் துண்டிக்கப்பட்டு, உள்ளே மின்னேற்றம் அப்படியே தங்கிவிடுகிறது. சேதமடைந்த பேட்டரிக்கு இந்தப் பல்பு வேலையும் வேண்டாம், உலர்ந்த மணல் நிரப்பிய உலோக டப்பாவில் புதைத்து வைத்தால் போதும். பிறகு முனைகளை நாடாவால் மூடி, மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள். இந்தியாவில் 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, இதைத் தயாரித்தவரும் இறக்குமதி செய்தவரும் கழிவைத் திரும்பப் பெறும் பொறுப்புக்கு உட்பட்டவர்கள். மற்றக் குப்பையிலிருந்து பிரித்துக் கொடுப்பது பயன்படுத்துபவரின் கடமை. ஆகவே வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள். கொடுக்கும்போது அது லிப்போ என்றும், உப்பியதா காலியானதா என்றும் ஒரு தாளில் பெரிதாக எழுதி மேலே ஒட்டிக் கொடுங்கள்.